‘உங்க சிம் இன்னைக்கு சாயந்தரம் நின்னுடும்’: போன் கம்பெனி பேரில் வரும் மோசடி அழைப்பு, ஒரு வழிகாட்டி

அப்பா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் சென்னையில் இருக்கிறேன். போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை 11.20-க்கு அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. அவர் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

“ஐயா வணக்கம். உங்க போன் கம்பெனியிலேர்ந்து பேசறேன். கேஒய்சி முடிஞ்சு போச்சு. சாயந்தரம் ஆறு மணிக்கு சிம் நின்னுடும்.”

“நேத்துதானே தம்பி ரீசார்ஜ் பண்ணினேன்?”

“அது வேற, இது வேற ஐயா. கடைக்குப் போனீங்கன்னா ரெண்டு மணி நேரம் நிக்கணும். வெயில்ல எதுக்கு அலையறீங்க? நானே இங்கேர்ந்து முடிச்சுக் குடுத்துடறேன்.”

அந்த ‘வெயில்ல எதுக்கு’ என்ற ஒரு வார்த்தையில்தான் அப்பா விழுந்தார். பேசியவன் மிரட்டவில்லை, அக்கறையாகப் பேசினான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான், பத்து ரூபாய் மட்டும் கார்டில் கட்டச் சொன்னான். 11.58-லிருந்து 12.09-க்குள் மூன்று தடவை 25,000 போனது. 12.58-க்கு இன்னொரு 9,600. ஆக மொத்தம் 84,600 ரூபாய்.

அதன் பிறகு ஏழு மாதம் வங்கி, காவல் நிலையம், நீதிமன்றம் என்று நான் அலைந்தேன். எந்தக் காகிதம் எங்கே வேண்டும், எது முதலில், எது பிறகு என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்காவது இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. எந்த அழைப்பு மோசடி அழைப்பு?

பேச்சு எப்படி மாறினாலும் கேட்கும் விஷயம் ஐந்தாறுதான். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, காலாவதியாகிவிட்டது, சிம் நிற்கப் போகிறது என்பது முதல் வகை. அப்பாவுக்கு வந்தது இது. சிம் வாங்கும்போதே கேஒய்சி முடிந்துவிடுகிறது. மறுபடி சரிபார்க்க வேண்டிய நிலை வந்தாலும் கடையிலோ நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோதான் செய்வார்கள். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்கிறான், வாட்ஸ்அப்பில் செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்புகிறான், சிறு தொகை கட்டச் சொல்கிறான் என்றால் அங்கேயே முடிவு செய்துவிடலாம். எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் எல்லாம் நல்ல வேலைக்காக உருவான செயலிகள்தான். முன்பின் தெரியாதவனிடம் அந்தச் செயலி காட்டும் எண்ணைச் சொன்னால் உங்கள் திரை அவன் கண்முன் இருக்கும். கார்டு எண், ஓடிபி எல்லாவற்றையும் நீங்கள் வாய் திறக்காமலே அவன் படித்துக்கொள்வான்.

இரண்டாவது, “டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்தவும்” என்று வரும் பதிவுக் குரல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் யாருடைய எண்ணையும் துண்டிப்பதில்லை, அப்படிச் சொல்லி யாரையும் அழைப்பதும் இல்லை. 9-ஐ அழுத்தினால் ஒருவன் வருவான். உங்கள் ஆதாரில் மும்பையில் ஒரு சிம் வாங்கிக் குற்றம் நடந்திருக்கிறது என்பான், போலீஸ் உடை போட்ட ஒருவனுக்கு வீடியோ அழைப்பில் இணைப்பான். வீடியோ அழைப்பிலேயே கைது என்று மிரட்டுவதை டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்களே, அதற்கு வாசல் இதுதான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. தொலைத்தொடர்புத் துறை பேரில் +92 போன்ற வெளிநாட்டு எண்ணிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவது, 5ஜி-க்கு மாற்றித் தருகிறேன், இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இயங்கும் சிம்) ஆக்கித் தருகிறேன் என்பது. சிம்மின் பின்னால் 8991 என்று தொடங்கும் நீண்ட எண் இருக்கும். அதைக் கேட்பான், அல்லது ஒரு குறுஞ்செய்தியை இன்ன எண்ணுக்கு அனுப்புங்கள் என்பான், அல்லது வந்த இணைப்பைத் தட்டி ஒப்புக்கொள்ளச் சொல்வான். நீங்கள் ஒப்புக்கொண்ட கொஞ்ச நேரத்தில் உங்கள் போனில் சிக்னல் போய்விடும். எண் அவன் போனில் உயிர்பெற்றிருக்கும். வங்கி ஓடிபி எல்லாம் இனி அவனுக்குத்தான்.

நான்காவது, நெட்வொர்க் கோளாறைச் சரிசெய்ய *401* என்று தொடங்கி ஒரு பத்து இலக்க எண்ணைச் சேர்த்து அடிக்கச் சொல்வது. அது உங்களுக்கு வரும் அழைப்பை எல்லாம் அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு. ஓடிபியைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கி உங்கள் வாட்ஸ்அப்பைக் கைப்பற்ற இது போதும். இந்தக் குறியீட்டு வழியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. போனின் அமைப்புகளுக்குள் போய்த் திருப்பிவிடும் வழி இன்னும் இருக்கிறது, அதனால் யார் சொல்லியும் எதையும் அடிக்க வேண்டாம்.

ஊர்ப்பக்கம் இன்னொன்றும் ஓடுகிறது. உங்கள் நிலத்தில் செல்போன் டவர் வைக்கிறோம், மாத வாடகை இவ்வளவு, பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள் என்பார்கள். டவர் வைக்கும் நிறுவனம் வாடகை தரும். இடத்துக்காரரிடம் முன்பணம் கேட்காது.

பேரையும் எந்த நிறுவன சிம் என்பதையும் சரியாகச் சொல்கிறானே என்று நம்பிவிட வேண்டாம். பேர், எண், ஊர் சேர்ந்த பட்டியல்கள் எத்தனையோ கைகளில் இருக்கின்றன. திரையில் ‘கஸ்டமர் கேர்’ என்று தெரிவதும் சான்று ஆகாது. எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பேரும் வைத்துக்கொள்ளும் செயலிகள் இருக்கின்றனவே.

குறுஞ்செய்தியைப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. 2025 மே முதல் நிறுவனங்களின் செய்தியில் அனுப்புநர் பேருக்குக் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் வருகிறது. எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிமாற்றம், பி விளம்பரம், ஜி அரசு. ‘உங்கள் சிம் நிற்கப் போகிறது’ என்பது சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் நிறுவனம் அனுப்பியதில்லை.

2. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது

வையுங்கள். அவ்வளவுதான். வாதம் செய்ய வேண்டாம், அவனைக் கலாய்த்து வீடியோ எடுக்கவும் வேண்டாம். பேசப் பேச உங்களைப் பற்றிய விவரம்தான் அவனுக்குக் கூடும்.

வைக்கக் கூச்சமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: “சரி தம்பி, சாயந்தரம் கடைக்கே போய்ப் பார்த்துக்கறேன்.” உண்மையான ஊழியர் என்றால் “சரிங்க” என்பார். மோசடிக்காரன் “போனா வேலைக்கு ஆகாது, இப்பவே முடிக்கணும்” என்று அவசரப்படுவான்.

சந்தேகம் தீரவில்லையா? அந்த நிறுவன சிம்மிலிருந்தே 198-ஐ அடியுங்கள். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான புகார் எண் அது, கட்டணம் கிடையாது. இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேட வேண்டாம். ஏன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன், அது என் சொந்த முட்டாள்தனம்.

3. பணம் போகவில்லை, தப்பித்துவிட்டோம் என்றால்

ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ ‘சக்ஷு’ என்ற பகுதி உண்டு. அழைப்பு வந்த எண், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைப் போட்டு, உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் புகார் பதிவாகும். கடந்த 30 நாளுக்குள் வந்த அழைப்பாக இருக்க வேண்டும். உள்ளூர் எண் போலத் தெரிந்து உண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்பு என்று சந்தேகப்பட்டால் 1963-க்கும் சொல்லலாம்.

பணம் போனவர்கள் சக்ஷுவில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அது பணத்தைத் தேடும் இடம் இல்லை.

4. பணம் போய்விட்டது: முதல் ஒரு மணி நேரம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

மூன்றாவது 25,000 போன செய்தியை அப்பா 12.09-க்கே பார்த்துவிட்டார். எனக்குப் போன் செய்தது 12.30-க்கு. நடுவில் இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், இதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று. அந்த வெட்கத்தில் அழைப்புப் பட்டியலையும் அழித்துவிட்டார். சொன்னபோது நான் முதலில் கேட்ட கேள்வி, “இதுகூடத் தெரியாதாப்பா?” அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். உங்களுக்கு அப்படி ஒரு போன் வந்தால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, “எந்த வங்கி? கணக்கில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?”

அடுத்து நான் செய்த தவறு. வங்கியின் சேவை எண்ணை இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணை அடித்தேன். உடனே எடுத்தார்கள். அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். “பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்” என்றான் ஒருவன். இதுவும் போலி எண். பத்து நிமிடம் போனது. பிறகுதான் கார்டின் பின்புறம் அச்சிட்ட எண் நினைவுக்கு வந்தது.

சரி, செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் அந்தப் போனை விமானப் பயன்முறைக்கு (ஏர்பிளேன் மோடு) மாற்றுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். திரைப் பகிர்வு அறுந்துவிடும். இனி எல்லா அழைப்பும் வேறு போனிலிருந்து.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வங்கிக்கும் ஒருவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் ஒரே நேரத்தில் அடியுங்கள். தனியாக இருந்தால்? கணக்கில் இன்னும் பணம் மீதி இருக்கிறது என்றால் முதலில் வங்கி, இல்லை என்றால் முதலில் 1930. இது என் கருத்து. அடுத்த தவணை போவதைத் தடுக்க வங்கியால்தான் முடியும், போன பணத்தைத் துரத்த 1930-ஆல்தான் முடியும்.

வங்கியிடம் “கார்டை முடக்குங்கள்” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். யுபிஐ, நெட் பேங்கிங் உட்பட வெளியே போகும் எல்லா வழியையும் நிறுத்தச் சொல்லுங்கள். ‘டெபிட் ஃப்ரீஸ்’ என்றால் அவர்களுக்குப் புரியும். புகார் எண்ணைக் கேட்டு, மணி எத்தனை என்பதோடு எழுதி வையுங்கள். மணி ஏன் முக்கியம் என்பது ஏழாம் படியில் வரும்.

1930 சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். இரவு பகல் எப்போதும் அடிக்கலாம், இலவசம். அவர்கள் கேட்பது: பெயர், போன் எண், வங்கியும் கணக்கு எண்ணும், ஒவ்வொரு பரிமாற்றத்தின் தொகை, நேரம், பரிமாற்ற எண். யுபிஐ என்றால் 12 இலக்க எண். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடியுங்கள், அங்கே தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. பின் எண், சிவிவி (கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்), ஓடிபி இவற்றை அவர்கள் கேட்க மாட்டார்கள். பதிந்ததும் பணம் போன கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ அங்கே தகவல் போய், மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து நாலு கணக்குக்குப் பிரித்து ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதற்குள் முந்த வேண்டும். எங்களுக்கு 84,600-இல் 31,400 இப்படி நின்றது. இருபது நிமிடம் முன்னால் அடித்திருந்தால் என்று கணக்குப் போடுவதை இப்போது நிறுத்திவிட்டேன்.

லைன் கிடைக்காமல் போவது உண்டு. விடாமல் அடியுங்கள். நடுவில் இன்னொருவர் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலேயே பதிய ஆரம்பிக்கலாம்.

5. சிக்னலே போய்விட்டதா?

பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தில் சிக்னல் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் அரை மணி நேரமாக இல்லை, அதற்கு முன்னால் இசிம், மாற்று சிம் என்று ஏதோ செய்தி வந்தது என்றால் சிம் கைமாறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறுவன சிம் உள்ள இன்னொரு போனிலிருந்து 198-ஐ அடித்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள், கையோடு வங்கியையும். சிம் மாறினால் முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் குறுஞ்செய்தி போகவோ வரவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறையின் விதி இருக்கிறது. உங்களுக்கு அது கொஞ்சம் மூச்சுவிடும் நேரம்.

அப்புறம் அசல் ஆதாரோடு நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போய் மாற்று சிம் வாங்க வேண்டும். பெட்டிக்கடைக்காரர் வேண்டாம். எண் யார் பேரில் இருக்கிறதோ அவரே நேரில் போக வேண்டும். அப்பா வைத்திருக்கும் எண் எப்போதோ உங்கள் பேரில் வாங்கியது என்றால் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும், இதைக் கவனியுங்கள்.

6. ஆதாரம் முதலில், சுத்தம் பிறகு

பதற்றத்தில் எல்லோரும் செய்வது அந்தச் செயலியை நீக்குவது, போனை ரீசெட் செய்வது. பொறுங்கள். முதலில் அழைப்புப் பட்டியல், வங்கிக் குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் உரையாடல், இறக்கிய செயலியின் பேர் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் எடுங்கள். அப்பா அழித்த அழைப்புப் பட்டியலுக்காக நான் நிறுவனத்திடம் அலைந்து அழைப்பு விவரப் பட்டியல் கேட்க வேண்டியதாயிற்று.

படம் எடுத்த பிறகு செயலியை நீக்குங்கள். அமைப்புகளில் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அனுமதி, சாதன நிர்வாகி (டிவைஸ் அட்மின்) அனுமதி இரண்டிலும் தெரியாத பேர் இருக்கிறதா பாருங்கள். ஏபிகே இறக்கியிருந்தால் ரீசெட் செய்வதுதான் நிம்மதி. கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். அழைப்புத் திருப்பம் இருக்கிறதா என்று *#21# அடித்துப் பார்க்கலாம், ##002# எல்லாத் திருப்பத்தையும் நீக்கும். சில நிறுவனங்களில் இவை வேலை செய்யாது. போன் செயலியின் அமைப்புகளில் ‘கால் ஃபார்வர்டிங்’ என்ற இடத்தில் நேரடியாகப் பார்ப்பதே உறுதி.

7. புகார் தளமும் வங்கியும்

1930-இல் பதிந்ததும் ஒப்புகை எண்ணோடு குறுஞ்செய்தி வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் புகார் தளத்தில் முழு விவரத்தையும் நிரப்ப வேண்டும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துத் திறங்கள். தேவை: அடையாளச் சான்று, பரிமாற்றங்கள் தெரியும் வங்கி அறிக்கை, ஸ்கிரீன்ஷாட்கள், மோசடி எண். சம்பவத்தை எழுதும் கட்டத்தில் குறைந்தது 200 எழுத்து வேண்டும், சிறப்புக் குறிகள் கூடாது. எனக்கு மூன்று தடவை பிழை காட்டியது. காரணம் தொகைக்கு முன்னால் நான் போட்ட ரூபாய்க் குறி. வெறும் எழுத்தும் எண்ணும் போட்டால் ஏற்றுக்கொள்ளும்.

வங்கிக்கு நேரில் போய்க் கடிதம் கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதி சுற்றறிக்கையின்படி, தவறு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை என்றால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஓர் அளவுக்கு இழப்பை நீங்கள் ஏற்க வேண்டும். ஓடிபி, பின் போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு.

கடைசி வரிதான் எங்களைக் கொஞ்சம் காப்பாற்றியது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஓடிபி நீங்கதானே சார் குடுத்தீங்க?” என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் தாளை நீட்டினேன்: டெபிட் ஃப்ரீஸ் கேட்டுப் புகார் பதிவான நேரம் 12.51, கடைசி 9,600 போனது 12.58. மேலாளர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த 9,600 வந்தது. மீதி மூன்றுக்கும் கையை விரித்துவிட்டார்கள்.

கடிதத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தனி வரியாக, நேரத்தோடு எழுதுங்கள். 1930 ஒப்புகை எண், போன் வழிப் புகார் எண், தெரிவித்த நேரம் மூன்றும் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “மெயில் போட்டுடுங்க சார், போதும்” என்பார்கள். மெயிலும் போடுங்கள், முத்திரையும் வாங்குங்கள். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது. வெள்ளிக்கிழமை மாட்டியவர்கள் நாள் கணக்கில் கவனமாக இருங்கள், ஆனால் போன் வழித் தகவலுக்கு விடுமுறை இல்லை.

வங்கி 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 உதவி எண். கட்டணம் எதுவும் இல்லை, வக்கீல் தேவையில்லை.

8. காவல் நிலையம்

தளத்தில் பதிந்த புகார் உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகும். அழைப்பார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே போங்கள். கொண்டுபோக வேண்டியது: புகாரின் அச்சுப் பிரதி, வங்கி அறிக்கை, வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரைப் பிரதி, ஆதார் நகல். எல்லாம் இரண்டு செட். எங்களுக்கு முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள், எஃப்ஐஆர் பிறகு போட்டார்கள். ஏட்டு ஒருவர் நல்ல யோசனை சொன்னார்: “எந்தெந்தக் கணக்குல எவ்வளவு நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு கேட்டு எழுதிக்கங்க. கோர்ட்டுல அதான் கேப்பாங்க.” இதற்கெல்லாம் காசு கிடையாது. கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

9. நிறுத்தி வைத்த பணம் கைக்கு வர

பணம் நின்றுவிட்டதே, தானாக வந்துவிடும் என்று நான் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். வராது. எங்கள் விஷயத்தில் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 503-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும் என்றார்கள். வக்கீல் ஒருவர் 6,000 கேட்டார். வாங்கப் போவதே 31,400, அதில் ஆறா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு என்று நீதிமன்ற வாசலில் டைப் அடிப்பவர் சொன்னார். உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலே கிடைக்கும், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அப்பாவின் பென்ஷனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் 4,000-க்கு வேறொருவர் ஒத்துக்கொண்டார்.

மனுவிலிருந்து பணம் வர மூன்றரை மாதம். உத்தரவு கைக்கு வந்த பிறகும் அதை வங்கியில் சேர்த்து, பின்னால் போய்க் கேட்டபடி இருக்க வேண்டும்.

நடுவில் இன்னொரு பொறி. “சைபர் போலீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க 2,000 கட்டுங்கள்” என்று ஒருவன் அழைத்தான். ஏமாந்தவர்கள் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது போல. இந்தத் தடவை அப்பா, “நான் ஸ்டேஷனுக்கே வந்து கட்டறேன் தம்பி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

10. வீட்டுப் பெரியவர்கள் போனில் இந்த வாரமே செய்ய வேண்டியது

சஞ்சார் சாத்தியில் அவர் பேரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒன்பது சிம் வரை அனுமதி. தெரியாத எண் இருந்தால் ‘என் எண் இல்லை’ என்று குறித்தால் போதும். அப்பா பேரில் அவருக்கே தெரியாத ஓர் எண் இருந்தது.

வாட்ஸ்அப்பில் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த ஆறு இலக்கப் பின் எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை அணையுங்கள். பென்ஷன் வரும் கணக்குக்கு ஏடிஎம் கார்டு மட்டும் போதும், இணையப் பரிமாற்றத்தை வங்கிச் செயலியிலேயே நிறுத்தலாம், அன்றாட வரம்பையும் குறைக்கலாம். யுபிஐ வேண்டும் என்றால் தனியாக ஒரு சின்னக் கணக்கு, அதில் ஐயாயிரம்.

கடைசியாக ஒரு தாள். பெரிய எழுத்தில் 1930, 198, கார்டின் பின்னால் இருக்கும் வங்கி எண், என் எண். அப்பா வீட்டில் அது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. போன மாதம் போனபோது அதன் அடியில் சிவப்பு மையில் அவர் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: “வெயில் பரவாயில்லை, கடைக்குப் போய்க்கொள்கிறேன்.”